பன்னிரண்டில் ஒரு மூட்டை

பாறைக்காடு டிவிஷன்,
கூடலூர்.
14.7.2024

அன்பு மருமகள் வாசுகிக்கு மாமா ராஜரத்தினம் எழுதுவது.

இங்கே நானும் நாயும் சுகம். திருப்பூரில் நீயும் ஜெகதீசனும் சுகமாக இருக்க வேண்டும்.

இதை என் கையால் எழுதுகிறேன். பங்கஜம் டீச்சர் பக்கத்தில் இல்லை. முதியோர் வகுப்பில் போன மாதம் பரீட்சை வைத்தார்கள். நான் பாஸ். எழுபத்தொரு வயதில் பாஸ் என்று ஜெகதீசனிடம் சொல். அவன் பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை எழுதியதையும் ஞாபகப்படுத்து.

இந்தப் பக்கத்துக்கு எனக்கு இரண்டு நாள் ஆகிறது. எழுதியதை நானே படித்துப் பார்க்கிறேன். நான் சொன்னது அப்படியே இருக்கிறது. அது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பிறகு இன்னொரு தடவை படிக்கிறேன்.

எனக்கு இதுவரை யாரும் கடிதம் போட்டதில்லை. நீ போட வேண்டும். ஜெகதீசன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். பேசி முடித்ததும் ஒன்றும் மிச்சமில்லை. காகிதம் என்றால் வைத்துப் படிக்கலாம். எழுத விஷயம் இல்லையென்றால் உன் பாடத்தை எழுது. எதை எழுதினாலும் படிப்பேன்.

நாய்க்குத் துரை என்று பெயர் வைத்தது உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் நான் எழுதும்போது துரை காலடியில் படுத்துக்கொண்டு மேற்பார்வை பார்க்கிறார்.

உன் பதிலுக்குத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்
மாமா ராஜரத்தினம்.


திருப்பூர்.
28.7.2024

அன்புள்ள மாமாவுக்கு வாசுகியின் வணக்கம்.

நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது? மழையில் வெளியே அலையாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கம்பெனிக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் செக்கிங் பெண்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். ஒரு அக்கா அழுதுவிட்டார். உங்கள் மகன் மட்டும், “பெத்த மகனுக்கு ஒரு வரி இல்ல, மருமகளுக்கு முழுப் பக்கமா?” என்று கேட்டார். “உங்களுக்குத்தான் படிக்கவே சோம்பலாச்சுங்களே” என்றேன்.

பாடத்தை எழுதச் சொன்னீர்கள். சிரிக்காதீர்கள், எழுதத்தான் போகிறேன். தபால் வழியில் பி.பி.ஏ. படிக்கிறேன் இல்லையா? எல்லாப் பாடமும் தேறிவிட்டேன். புள்ளியியல் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. அதிலும் நிகழ்தகவு என்ற பகுதிதான் என்னை விழுத்தாட்டுகிறது. அதை முடித்தால்தான் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆக முடியும். டிசம்பரில் மறுபடி பரீட்சை. யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் எனக்கே புரியும் என்று நினைக்கிறேன். அந்த யாரோ நீங்கள்தான்.

நிகழ்தகவு என்றால் ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை எண்ணால் சொல்வது. நடக்கவே நடக்காது என்றால் பூஜ்யம். கட்டாயம் நடக்கும் என்றால் ஒன்று. மற்ற எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில். நூறு பனியனில் ஐந்தில் ஊசி ஓட்டை இருந்தால், கண்ணை மூடி ஒன்றை எடுக்கும்போது அது ஓட்டைப் பனியனாக இருக்க நூறில் ஐந்து வாய்ப்பு. நல்ல பனியனாக இருக்க மீதி தொண்ணூற்றைந்து. இரண்டையும் கூட்டினால் முழுசு.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்கள் வேலை பார்த்த காலத்தில், பத்து மூட்டைத் தேயிலைக் கொழுந்தில் எத்தனை மூட்டை தள்ளுபடி ஆகும்?

துரையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.
வாசுகி.


பாறைக்காடு.
18.8.2024

அன்பு மருமகளுக்கு.

நான் சுகம். மூட்டு வலி அதன் பாட்டுக்கு இருக்கிறது. உன் கடிதத்தைச் சில்வஸ்டருக்குப் படித்துக் காட்டினேன். பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருக்கிறானே, அவன்தான். “இதுல கணக்கெல்லாம் வருதேய்யா, ஒனக்குப் புரியுதா?” என்றான். “கூடலூர்ல ஆடி மாசம் மழை பெய்யுறதுக்கு நிகழ்தகவு என்ன?” என்று கேட்டேன். முழித்தான். “ஒண்ணு” என்றேன். அன்று முழுக்க என்னை வாத்தியாரே என்று கூப்பிட்டான்.

வீட்டுப்பாடத்துக்குப் பதில். மழைக்காலத்தில் பத்து மூட்டைக்கு மூன்று மூட்டை தள்ளுபடி. வெயில் காலத்தில் கொஞ்சம் குறையும்.

எப்படி என்று எழுதுகிறேன். பறித்த கொழுந்து நிறுவைக்கு வரும் கொட்டகையை நாங்கள் மடுவம் என்போம். இலங்கையிலிருந்து கொண்டுவந்த சொல். அங்கே நான் கைப்பிடி பார்க்கும் ஆள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு கைப்பிடி எடுப்பேன். முற்றல் இலை அதிகமாக இருந்தால் மூட்டை மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன். எழுத்துத் தெரியாத எனக்குப் போடத் தெரிந்த ஒரே குறி அதுதான். குறி விழுந்தால் யாரும் பேச மாட்டார்கள். மூட்டைக்காரியே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் போவாள். அது பழக்கம்.

தெய்வம்மா ஒருத்திதான் தூக்கவில்லை. அப்போது அவள் புதிதாக வேலைக்கு வந்தவள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ஒரு கைப்பிடிய வச்சு முழு மூட்டையச் சொல்லுவியா? கொட்டிப் பாரு” என்றாள். கணக்கப்பிள்ளை வேறு வழியில்லாமல் கொட்டச் சொன்னார். அத்தனையும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமான நல்ல கொழுந்து. மேலாக மட்டும் நாலு முற்றல். என் முகத்தைப் பார்த்து அவள் சிரித்தாள். அடுத்த தைக்குள் கல்யாணம்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். நர்ஸ் சசிரேகா ஆளுக்கொரு சின்ன டப்பா கொடுத்திருக்கிறது. அது எதற்கு என்று மருமகளுக்கு எழுத முடியாது.

அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கும்
மாமா.


திருப்பூர்.
2.9.2024

அன்புள்ள மாமாவுக்கு.

நலம். அத்தை கதையை இதுவரை எனக்கு யாருமே சொல்லவில்லையே. உங்கள் மகனுக்கும் தெரியவில்லை. அவருக்கு அந்த இடத்தைப் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார்.

டப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. ஊகித்துவிட்டேன், அதுவும் போதும். முகாமில் மற்றது என்ன சொன்னார்கள்? சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் எப்படி? மறக்காமல் எழுதுங்கள்.

இந்த வாரம் இரண்டு விதி. ஒரு பனியனில் ஊசி ஓட்டையோ கறையோ ஏதாவது ஒன்று இருக்க எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் சேர்ந்து வராது என்றால் இரண்டு வாய்ப்பையும் கூட்ட வேண்டும். “இதுவோ அதுவோ” என்றால் கூட்டல். இன்றைக்கு அங்கே மழையும் இங்கே கரண்ட் கட்டும் இரண்டுமே நடக்க எவ்வளவு வாய்ப்பு? ஒன்று மற்றதைப் பாதிக்காது என்றால் பெருக்க வேண்டும். “இதுவும் அதுவும்” என்றால் பெருக்கல். பெருக்கினால் வாய்ப்பு சுருங்கும். இது நேற்றுத்தான் எனக்கே பிடிபட்டது. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததால்தான்.

துரைக்கு மழையில் உடம்பு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும்தான்.
வாசுகி.


பாறைக்காடு.
6.10.2024

அன்பு வாசுகிக்கு.

சுகம். பதில் எழுதத் தாமதம். கை கொஞ்சம் ஓடவில்லை.

இங்கே மழை விட்டுவிட்டது. மிளகு இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. துரையைச் சில்வஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்குத் துணை வேண்டும் என்றான். அத்தையின் கம்பளியைச் சலவைக்குப் போட்டிருக்கிறேன். நல்ல கம்பளி. நீ அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கொள். உனக்கென்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு கணக்கு கேட்கிறேன். கைப்பிடி பார்க்கும் ஆள் நூறு தடவையில் தொண்ணூறு தடவை சரியாகச் சொல்வான் என்று வைத்துக்கொள். நல்ல மூட்டையைப் பார்த்தாலும் அப்படி, கெட்ட மூட்டையைப் பார்த்தாலும் அப்படி. அவன் ஒரு மூட்டைக்குக் குறி போட்டுவிட்டான். அது கெட்ட மூட்டையாக இருக்க நூறில் தொண்ணூறு வாய்ப்பு. அப்படித்தானே?

இப்படிக்கு
மாமா.


திருப்பூர்.
14.10.2024

அன்புள்ள மாமாவுக்கு.

நாங்கள் நலம். உங்கள் கை ஏன் ஓடவில்லை? வலியா?

நீங்கள் கேட்ட கணக்கைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. என்னை இரண்டு தடவை விழுத்தாட்டிய கேள்வி இதேதான். உங்களுக்கு யார் சொன்னது? நானும் நூறில் தொண்ணூறு என்றுதான் எழுதித் தோற்றேன். அது தப்பு.

“கெட்ட மூட்டைக்குக் குறி விழ எவ்வளவு வாய்ப்பு” என்பது ஒரு கேள்வி. “குறி விழுந்த மூட்டை கெட்டதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு” என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்ல, மொத்த மூட்டையில் கெட்டது எத்தனை என்று முதலில் தெரிய வேண்டும். பத்துக்கு மூன்று என்று எழுதியிருந்தீர்கள். ஆயிரம் மூட்டை வந்தால் முந்நூறு கெட்டது. அதில் இருநூற்று எழுபதுக்குக் குறி விழும். நல்லது எழுநூறு. அதிலும் தப்பாக எழுபதுக்குக் குறி விழும். ஆக ஓரமாக நிற்பது முந்நூற்று நாற்பது மூட்டை. அதில் உண்மையில் கெட்டது இருநூற்று எழுபது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு.

தொண்ணூறு இல்லை, ஆனாலும் உங்கள் குறியை நம்பலாம் மாமா. அத்தை மூட்டையில் மட்டும்தான் குறி தப்பிவிட்டது.

துரையை ஏன் கொடுத்தீர்கள்? சில்வஸ்டர் மாமாவுக்கு வீடு நிறையப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்களே, அவருக்கு எதற்குத் துணை? தீபாவளிக்கு இங்கே வாருங்கள். உங்கள் மகன் வந்து கூட்டிவருவார்.
வாசுகி.


பாறைக்காடு.
3.11.2024

அன்பு மருமகளுக்கு.

சுகமாக இருக்கிறேன். தீபாவளிக்கு வர முடியவில்லை. மலையிறங்கினால் தலை சுற்றுகிறது. நீ கொடுத்தனுப்பிய முறுக்கு நன்றாக இருந்தது.

ஐந்தில் நான்கு. புரிந்தது. தாளில் மூட்டை மூட்டையாகக் கோடு போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாய்.

இன்னும் ஒன்றே ஒன்று. கெட்ட மூட்டை பத்துக்கு மூன்று இல்லை, ஆயிரத்துக்கே பத்துத்தான் என்று ஒருவர் சொல்கிறார். மற்றதெல்லாம் முன் போலவே. அப்போது எவ்வளவு வரும்? நானே போட்டுப் பார்த்தேன். எனக்கு வந்த விடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசைக்குத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று இருக்கிறது.

அவசரமில்லை. டிசம்பர் 14 உனக்குப் பரீட்சை என்று ஜெகதீசன் சொன்னான். அது முடிந்த பிறகு பதில் எழுதினால் போதும்.

மாமா.


திருப்பூர்.
9.11.2024

அன்புள்ள மாமாவுக்கு.

முதலில் கணக்கு. ஆயிரத்தில் கெட்டது பத்து. அதில் ஒன்பதுக்குக் குறி விழும். நல்லது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அதில் தப்பாகத் தொண்ணூற்றொன்பதுக்குக் குறி விழும். ஓரமாக நிற்கும் நூற்றெட்டு மூட்டையில் உண்மையில் கெட்டது ஒன்பது. பன்னிரண்டில் ஒன்று. மற்றப் பதினொன்றும் நல்ல மூட்டை. உங்களுக்கும் அதுதான் வந்திருக்கும். ஆசைக்குப் போட்டாலும் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள்.

இனி மற்றது. மடுவத்தில் ஆயிரம் மூட்டைக்குப் பத்து மட்டும் கெட்டதாக எந்தக் காலத்தில் இருந்தது? பத்துக்கு மூன்று என்று சொன்னவர் நீங்கள். உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் படித்தேன். முகாமில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. துரையை ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. கம்பளியை எனக்கென்று சொல்லியிருக்கிறேன் என்கிறீர்கள். இது கொழுந்து மூட்டை இல்லை மாமா.

போன மாதம் ஐந்தில் நான்கு என்று நான் எவ்வளவு சந்தோஷமாக எழுதினேன். அதைப் படித்துவிட்டு, நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாய் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த டப்பா விஷயத்தை மருமகளுக்கு எழுத முடியாது என்றீர்கள். எழுத வேண்டாம், நான் கேட்கவும் மாட்டேன். இப்போதே போன் செய்யலாம். செய்தால், “ஒண்ணுமில்ல புள்ள” என்பீர்கள். எழுத்தில் உங்களுக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

யாரோ ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துக் குறி போட்டிருக்கிறார்கள். நீங்கள் உங்களையே தூக்கி ஓரமாக வைத்துவிட்டீர்கள். பன்னிரண்டில் ஒன்று என்பது பூஜ்யம் இல்லை, அது எனக்குத் தெரியும். அந்த ஒன்றாகவே இருந்தாலும், சீக்கிரம் தெரிந்தால் வைத்தியம் பார்க்கலாம். எப்படியானாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். அத்தை இருந்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

கொட்டிப் பாருங்க மாமா.

உங்கள் மகள் போல இருக்கும்
வாசுகி.


பாறைக்காடு.
17.11.2024

அன்பு மருமகள் வாசுகிக்கு.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொடுத்த இடத்திலேயே நின்று படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ நேரில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

நீ சொன்னது அத்தனையும் சரி. நர்ஸம்மா செப்டம்பரிலேயே வந்து சொன்னது. குடலில் புற்று இருக்கலாம் என்று டெஸ்ட் காட்டுகிறது, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேமரா வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. டெஸ்ட் எவ்வளவு சரி என்று கேட்டேன். நூற்றுக்குத் தொண்ணூறு என்றது. அதோடு நான் முடிவு கட்டிவிட்டேன். நாற்பது வருஷம் குறி போட்டவன் இல்லையா? குறி விழுந்தால் ஓரமாகப் போக வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்குத்தான் இந்த நோய் இருக்கும் என்று பிறகு சொன்னதும் நர்ஸம்மாதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை எதற்குக் கலக்க வேண்டும் என்றும் இருந்தது.

நேற்று நானே நர்ஸம்மாவைத் தேடிப் போய், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

“மூணு தடவ ஊட்டுக்கே வந்து சொன்னனுங்களே தாத்தா, அப்பல்லாம் தலையாட்டிட்டு இருந்துட்டு, இப்ப என்ன திடீர்னு?”

“என் மருமக கணக்குப் போட்டுட்டா. பன்னெண்டுல ஒண்ணு.”

“நானும் அதைத்தானுங்க சொன்னேன், முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காதுன்னு.”

“நீங்க சொன்னத ஆறுதல்னு நெனச்சேன்” என்றேன். நர்ஸம்மா சிரித்துவிட்டது. அதுவே ஆஸ்பத்திரிக்குப் பேசி நாள் வாங்கிக் கொடுத்தது. டிசம்பர் 14. அவர்களிடம் வேறு நாள் இல்லை.

அன்று நீ பரீட்சை எழுத வேண்டும். என்னோடு ஜெகதீசன் வந்தால் போதும். நீ எழுதாமல் வந்து நின்றால் நான் டாக்டரிடம் போக மாட்டேன், பஸ் ஏறிவிடுவேன்.

மாமா.


(ஜெகதீசன் கையில் கொடுத்தனுப்பியது)
12.12.2024

மாமாவுக்கு.

பரீட்சைக்குப் போகிறேன். நான் எழுதுவதும் உங்களைப் பார்ப்பதும் ஒன்றையொன்று பாதிக்காத நிகழ்ச்சிகள் என்று பாடம் சொல்கிறது. பாடத்தில் மட்டும்தான் அப்படி. அங்கே உங்கள் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் இங்கே எனக்குப் பேனா ஓடாது. அதனால் கூப்பிட்டதும் பயப்படாமல் உள்ளே போய்விடுங்கள், நான் சீக்கிரம் எழுத ஆரம்பிக்கலாம்.

பையில் ஸ்வெட்டரும் வெந்நீர் பிளாஸ்கும் இருக்கிறது. உங்கள் மகன் ஆஸ்பத்திரி வாசனைக்கே மயங்குகிற ஆள். அவரையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.
வாசுகி.


பாறைக்காடு.
5.1.2025

அன்பு மருமகள் வாசுகிக்கு, புது வருஷத்தில் மாமா எழுதும் முதல் கடிதம்.

நான் சுகம். இந்தத் தடவை அதைப் பழக்கத்துக்கு எழுதவில்லை. கேமரா பார்த்த அன்றே ஜெகதீசன் போனில் பாதி சொல்லியிருப்பான். மீதி நேற்று வந்த ரிப்போர்ட்டில் இருக்கிறது. எல்லாவற்றையும் என் கையால் எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

முதல் நாள் ஒரு தண்ணீரைக் குடிக்கச் சொன்னார்கள். லிட்டர் லிட்டராக. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மருமகளுக்கு எழுத முடியாது. கொட்டிப் பாருங்க என்று நீ எழுதியது இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை. ஜெகதீசன் வராந்தாவில் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே போகும்போது நான்தான் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். குடலில் மிளகு அளவில் இரண்டு சதை மொட்டு இருந்ததாம். அங்கேயே கிள்ளி எடுத்துவிட்டது. “இப்ப இதுல ஒண்ணும் இல்லீங்க தாத்தா. விட்டிருந்தா பல வருஷம் கழிச்சு எப்படி மாறும்னு சொல்ல முடியாது” என்றது. அதைச் சோதனைக்கு அனுப்பி, புற்று இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. மூன்று வருஷம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறது. நான் பதினொன்றில் ஒரு மூட்டை. ஆனாலும் கொட்டியதால்தான் அந்த இரண்டு மொட்டும் கண்ணில் பட்டது.

உன் பரீட்சையில் குறி போட்ட சரக்குக் கேள்வி வந்ததாகவும், நீ மூட்டை என்றே எழுதிவிட்டதாகவும் ஜெகதீசன் சொன்னான். ரிசல்ட் எப்போது வரும்? நீ பாஸாக என்ன வாய்ப்பு என்று சில்வஸ்டர் கேட்டான். எண் சொல்ல மாட்டேன், அவள் எனக்குச் சொல்லிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன் என்றேன்.

துரையைத் திருப்பிக் கேட்கப் போனேன். “எந்தத் துரைய?” என்றான் சில்வஸ்டர். “நீ கொண்டாந்து விடுவ, நான் சோறு வைப்பேன், தின்னுட்டு ஒம்பின்னாலயே வந்துரும். என் வாசல்ல ஒரு நாளாவது படுத்திருக்கா? எனக்குக் கொடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற.” உண்மைதான். நான் ஒவ்வொரு காலையும் கொண்டுபோய் விட்டேன். ஒவ்வொரு காலையும் நான் வீடு வந்து சேருவதற்கு முன்னால் அது வாசலில் நின்றது. இதை உனக்கு எழுதாமல் விட்டேன். ஒன்று என்ற எண் ஆடி மழைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

கடைசியாக ஒரு விஷயம். அத்தையின் கம்பளி சலவையிலிருந்து வந்துவிட்டது. அதை உனக்குத் தருவதாக எழுதியிருந்தேன். இப்போதைக்குத் தருவதாக இல்லை. இந்த வருஷம் பனி அதிகம், எனக்கே வேண்டியிருக்கிறது. அதைப் போர்த்திக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

உன் அடுத்த பாடத்துக்காகத் தாள் வாங்கி வைத்திருக்கும்
மாமா ராஜரத்தினம்.